ஹெராகுலா எந்தக் குடும்பம்? ஓர் அந்துப்பூச்சியின் முகவரிக் குழப்பம்

ஹெராகுலா டிஸ்கிவிட்டா என்பது அவ்வளவாகக் கண்ணில் படாத ஓர் அந்துப்பூச்சி. நேபாளம், இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பழைய பட்டியல்களில் தேடினால் லிமான்ட்ரிடே குடும்பத்தில் இருக்கும். கொஞ்சம் பிந்தைய வகைபாட்டின்படி எரிபிடே குடும்பத்தில், லிமான்ட்ரினே என்ற துணைக்குடும்பத்தில் தேட வேண்டும். 2019-க்குப் பின் வந்த பட்டியல்களிலோ சூடோபிஸ்டோனிடே என்ற, பலரும் கேள்விப்பட்டே இராத குடும்பத்தில் கிடைக்கும்.

பூச்சி ஒன்று, முகவரி மூன்று. இதைப் பார்க்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. எது சரி? நூற்றைம்பது ஆண்டுகளாக அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பூச்சியின் குடும்பம்கூடத் தெரியவில்லை என்றால், வகைபாட்டியலை எந்த அளவுக்கு நம்புவது?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம்: மூன்றாவது முகவரிதான் இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

1. வரிசை. பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்தது லெபிடாப்டெரா வரிசை. செதில் சிறகுகள் என்று பொருள். தொட்டால் விரலில் ஒட்டும் பொடி, அந்தச் செதில்கள்தான். இந்த வரிசையில் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 1,60,000 இனங்கள். அவற்றில் பட்டாம்பூச்சிகள் 18,000-ஐ ஒட்டி இருக்கும். மற்றவை எல்லாம் அந்துப்பூச்சிகள்.

2. பெருங்குடும்பம், குடும்பம், துணைக்குடும்பம். பெயரின் வாலைப் பார்த்தே இவற்றைப் பிரித்தறியலாம். ‘ஆய்டியா’ என முடிந்தால் பெருங்குடும்பம், ‘இடே’ என்றால் குடும்பம், ‘இனே’ என்றால் துணைக்குடும்பம். நாக்டுவாய்டியா, எரிபிடே, லிமான்ட்ரினே என்ற மூன்று பெயர்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் டப்பாக்கள்.

3. பேரினம், சிற்றினம். ஹெராகுலா என்பது பேரினப் பெயர். டிஸ்கிவிட்டா சிற்றினப் பெயர். ஹெராகுலா பேரினத்தில் இந்த ஓர் இனம்தான் உண்டு.

4. வகைமாதிரி. ஒரு பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்று பின்னாளில் தகராறு வந்தால், தீர்ப்புக்காக எடுத்துப் பார்க்க வேண்டிய மூல மாதிரி. வகைபாட்டில் எது மாறினாலும் பெயருக்கும் இந்த மாதிரிக்கும் உள்ள முடிச்சு அவிழாது. அதனால்தான் ஹெராகுலா இத்தனை முறை இடம் மாறியும் பெயர் மாறவில்லை.

இவற்றோடு இன்னொரு வேறுபாடும் மனத்தில் இருக்கட்டும். குழப்பத்தில் பாதி அதைக் கவனிக்காததால்தான் வருகிறது. ஒரு தெருவின் பெயரை மாற்றுவது வேறு, ஒரு வீட்டுக்காரர் வேறு தெருவுக்குக் குடிபோவது வேறு. லிமான்ட்ரிடே லிமான்ட்ரினே ஆனது முதல் வகை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரபணு ஆய்வுகள் வந்தபோது, அந்தக் குடும்பம் முழுவதும் எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு கிளையாகத்தான் நிற்கிறது என்று தெரிந்தது. ஆகவே ஏறத்தாழ 2,500 இனங்களும் மொத்தமாக ஒரு படி இறங்கி, துணைக்குடும்பமாயின. ஹெராகுலாவும் கூட்டத்தோடு போனது, அவ்வளவுதான். யாரும் அதைத் தனியாக எடுத்துப் பார்த்து மாற்றவில்லை.

2019-இல் நடந்தது இரண்டாம் வகை. அந்த ஒரு பூச்சி மட்டும் தெருவைவிட்டே வெளியேறியது.

## தவறான வீட்டுக்குப் போனது எப்படி

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் ஃபிரெடரிக் மூர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வந்த பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி மாதிரிகளுக்கு ஏராளமாகப் பெயர் வைத்தவர். 1860-களின் நடுவில், வங்காளத்திலிருந்து வந்த மாதிரிகளை விவரித்தபோது ஹெராகுலாவுக்கும் பெயர் வைத்தார்.

அன்று கையில் இருந்தவை உலர்ந்த உடலும் விரித்துக் குத்திய சிறகும்தான். சிறகின் வடிவம், நிறம், கோடுகள், உணர்கொம்பு, சிறகு நரம்புகளின் கிளைப்பு ஆகியவற்றைப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த பூச்சிகளில் எதற்குக் கிட்டே வருகிறது என்று வைப்பார்கள். மோசமான முறை என்று சொல்லிவிட முடியாது. அன்று போட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. ஆனால் தொடர்பே இல்லாத இரண்டு பரம்பரைகள் ஒரே மாதிரித் தோற்றத்துக்கு வந்து சேரும்போது இந்த முறை சறுக்கும்.

மடகாஸ்கரில் பகலில் பறக்கும் கிரைசிரிடியா ரைஃபியஸ் என்ற அந்துப்பூச்சி இதற்கு நல்ல சாட்சி. கறுப்பில் பச்சையும் நீலமும் செம்பொன்னுமாக மின்னும், பின்சிறகில் வால்கள் நீளும். 1773-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ட்ரு டுரூரி இதைப் பட்டாம்பூச்சி என்றே எண்ணி, பாப்பிலியோ பேரினத்தில் பெயரிட்டார். ஊரும் தவறு: மாதிரி சீனாவிலிருந்து வந்ததாக அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. 1823-இல் ஜெர்மன் பூச்சியியலாளர் ஹூப்னர் தனிப் பேரினம் தந்து பிரித்தார். இன்று அது யுரேனிடே குடும்பத்து அந்துப்பூச்சி.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹெடிலிடே பூச்சிகள் மங்கிய நிறமும் மெலிந்த உடலும் கொண்டவை. பெரும்பாலும் இரவில் பறப்பவை. நெடுங்காலம் ஜியோமெட்ரிடே அந்துப்பூச்சிகளாகவே எண்ணப்பட்டன. அவை பட்டாம்பூச்சிகளின் பக்கம் சேர வேண்டியவை என்று 1986-இல் மால்கம் ஸ்கோபில் எழுதினார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அவர் சொன்னதையே உறுதிப்படுத்தின.

ஆக, ஹெராகுலாவுக்கு நேர்ந்தது தனி விபத்து அல்ல. லிமான்ட்ரினே பூச்சி போலத் தோன்றியது, அங்கே வைத்தார்கள். அரிய பூச்சி என்பதால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பயிரைத் தின்னும் பூச்சியாக இருந்தால் பத்து ஆண்டில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

## காது எங்கே இருக்கிறது?

ஒரு பூச்சி நாக்டுவாய்டியா பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததா என்று பார்க்க, சிறகைவிட நம்பகமான ஓர் இடம் உண்டு. காது.

அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்குக் காது உண்டு. வௌவாலின் மீயொலியைக் கேட்டுத் தப்பிக்கத்தான் அது பயன்படுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இல்லை. நாக்டுவாய்டியாவில் மார்பின் கடைசிப் பகுதியில், பின்சிறகு உடலோடு சேரும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் மாதிரியைப் பக்கவாட்டில் திருப்பி, மயிர்ச் செதில்களை மெல்லிய தூரிகையால் ஒதுக்கினால் ஒரு சிறு குழி தெரியும். குழிக்குள் கண்ணாடித் தாள் மாதிரி இழுத்துக் கட்டிய சவ்வு. சவ்வுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ உணர்வு செல்கள். ஒரு வௌவாலிடமிருந்து உயிர் பிழைக்க அதுவே போதுகிறது.

ஜியோமெட்ரிடேவில் காது வயிற்றின் அடிப்பகுதியில் இருக்கிறது, நான்கு உணர்வு செல்களோடு. யுரேனிடேவில் அதுவும் வயிற்றில்தான். ஆனால் ஆணுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு வேறோர் இடம். இப்படி இடமும் கட்டமைப்பும் வேறுபடுவதால்தான், அந்துப்பூச்சிகளில் காது ஒரே ஒரு முறை தோன்றவில்லை, தனித்தனியாகப் பலமுறை தோன்றியது என்று முடிவு செய்தார்கள்.

லிமான்ட்ரினே பூச்சி என்றால் மார்பில் அந்தக் குழி இருந்தாக வேண்டும். ஹெராகுலாவிடம் நாக்டுவாய்டியாவுக்கே உரிய அந்தக் காது இல்லை. சீன, ஐரோப்பிய ஆய்வாளர்கள் வளர்ந்த பூச்சிகளின் உடலமைப்பை மறுபடி ஆராய்ந்தபோதுதான் பழைய இடத்தைப் பற்றிய சந்தேகம் எழுந்தது. மரபணுவுக்குப் போனது அதற்கு அப்புறம். இந்த வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ‘டிஎன்ஏ வந்தது, பழைய வகைபாடு சரிந்தது’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். இங்கே முதல் கேள்வியை எழுப்பியது, பொறுமையாக நுண்ணோக்கியில் பார்த்த கண்.

சரி, அங்கே இல்லை என்றால் வேறு எங்கே? ஒன்றை விலக்குவது எளிது. சேர்ப்பதற்குத்தான் உறவினர் வேண்டும்.

## தாய்லாந்திலிருந்து வந்த உறவினர்

1994-இல் ஜப்பானிய அந்துப்பூச்சி வல்லுநர் ஹிரோஷி இனோவே, தாய்லாந்திலிருந்து வந்த ஒரு பூச்சிக்கு சூடோபிஸ்டன் பின்ரதனாய் என்று பெயரிட்டார். பிஸ்டன் என்பது ஜியோமெட்ரிடேவின் நன்கு தெரிந்த பேரினம். பள்ளிப் பாடப்புத்தகங்களில் புகை படிந்த மரத்தோடு வரும் கறுப்பு, வெள்ளை அந்துப்பூச்சி அந்தப் பேரினம்தான். ‘சூடோ’ என்றால் போலி. அதாவது போலி பிஸ்டன். பார்க்க பிஸ்டன் போல, ஆனால் பிஸ்டன் இல்லை என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்துவிட்டார்.

அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது எந்தக் குடும்பத்திலும் உறுதியாக உட்காராமல் நின்றது. இப்படி நிற்பவற்றுக்கு ‘இன்செர்ட்டே சேடிஸ்’ என்று லத்தீனில் ஒரு குறிப்பு போடுவது வழக்கம்: இருப்பிடம் உறுதியில்லை என்று பொருள். வகைபாட்டியலில் நான் மிகவும் மதிக்கும் குறிப்பு இது. ஹெராகுலாவுக்கும் அன்றே அதைப் போட்டிருந்தால், யாராவது முன்னமே தேடி வந்திருப்பார்கள். தவறான குடும்பத்தில் உறுதியாக எழுதி வைத்ததால் கேள்வியே மறைந்துபோனது.

2015-இல் ஜியோமெட்ராய்டியா பெருங்குடும்பத்தின் மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்த குழு ஒன்று, சூடோபிஸ்டனுக்காகவே சூடோபிஸ்டோனிடே என்ற புதுக் குடும்பத்தை நிறுவியது. அத்தோடு ஜியோமெட்ராய்டியாவில் ஐந்து குடும்பங்கள் ஆயின:

1. ஜியோமெட்ரிடே: ஏறத்தாழ 23,000 இனங்கள். பெருங்குடும்பம் என்பதே கிட்டத்தட்ட இதுதான்.
2. யுரேனிடே: சுமார் 700 இனங்கள். மேலே பார்த்த மடகாஸ்கர் பூச்சியின் குடும்பம்.
3. செமாட்டுரிடே: சில பத்து இனங்கள், பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்தில்.
4. எபிகோபீடே: ஆசியாவின் சிறிய குடும்பம். இதில் சில, நச்சுள்ள ‘அழகி’ வகைப் (பாப்பிலியோனிடே குடும்பத்துப்) பட்டாம்பூச்சிகளை அப்படியே நகலெடுத்த தோற்றம் கொண்டவை.
5. சூடோபிஸ்டோனிடே: அன்று ஒரே ஓர் இனம்.

2019-இல் ஹெராகுலாவின் மரபணுக்களை இந்தக் குடும்பங்களோடும் லிமான்ட்ரினேவோடும் சேர்த்து ஒப்பிட்டார்கள். லிமான்ட்ரினேவைவிட்டு ஹெராகுலா வெகுதூரம் விலகி நின்றது. சூடோபிஸ்டனோடு உறுதியாக ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டும் சேர்ந்த கிளைக்கு அடுத்த உறவு எபிகோபீடே. மூன்றுக்கும் அடுத்த உறவு செமாட்டுரிடே.

## ஒரு மரபணுவை வைத்து முன்பே சொல்லியிருக்க முடியாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த ‘டிஎன்ஏ பார்கோடு’ முறை இன்று எங்கும் பயன்படுகிறது. உலர்ந்த மாதிரியின் ஒரு கால் போதும். அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்து, இனத்தை அடையாளம் காண்கிறார்கள்.

ஆனால் அது இனத்தைச் சொல்லும் கருவி, குடும்பத்தைச் சொல்லுவதில் பலவீனமானது. காரணங்கள் இவை:

1. சிஓஐ வேகமாக மாறும் மரபணு. நெருங்கிய இனங்களைப் பிரிக்க அந்த வேகம் உதவும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பரம்பரைகளில், ஒரே இடத்தில் எழுத்து மாறி, மறுபடி மாறி, சில சமயம் பழைய எழுத்துக்கே திரும்பியிருக்கும். அழித்து அழித்து எழுதிய சிலேட்டு மாதிரி, முதலில் என்ன இருந்தது என்று தெரியாது.

2. பழைய பரம்பரைகள் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்திருந்தால், எது முதலில் பிரிந்தது என்பதற்கான தடயமே கொஞ்சம்தான் பதிந்திருக்கும். அதை எடுக்க, மெதுவாக மாறும் உட்கரு மரபணுக்கள் பல வேண்டும்.

3. மூன்றாவதுதான் ஹெராகுலாவின் கதைக்கு முக்கியம். மரபணு மரம் என்பது கொடுத்த பூச்சிகளுக்குள் மட்டுமே உறவு தேடும். உண்மையான உறவினர் ஒப்பீட்டில் இல்லை என்றால், இருப்பவற்றில் எதன் பக்கமாவது கொண்டுபோய் நிறுத்தும். தனியாக நீண்ட காலம் மாறிய பரம்பரைகள், உறவே இல்லாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதும் உண்டு. சூடோபிஸ்டனின் மரபணுக்கள் 2015-க்குள் படிக்கப்பட்டிருந்ததால்தான் 2019-இல் ஹெராகுலாவுக்கு ஒரு துணை கிடைத்தது.

## எது உறுதி, எது இன்னும் பேச்சில் இருக்கிறது

உறுதியானவை: ஹெராகுலா லிமான்ட்ரினே அல்ல. அதன் மிக நெருங்கிய உறவு, தெரிந்தவற்றுள், சூடோபிஸ்டன்.

பேசித் தீர்க்க வேண்டியது, அந்த உறவுக்கு என்ன தகுதி கொடுப்பது என்பது. இரண்டு பூச்சிகளும் உடலமைப்பில் கணிசமாக வேறுபடுகின்றன. மூன்று வழிகள் இருந்தன:

1. ஹெராகுலாவுக்குத் தனிக் குடும்பம்.
2. இரண்டையும் ஒரே குடும்பத்தில், உட்பிரிவு இல்லாமல் வைப்பது.
3. ஒரே குடும்பம், இரண்டு துணைக்குடும்பம்.

ஆய்வாளர்கள் மூன்றாவதைத் தேர்ந்து, ஹெராகுலினே என்ற துணைக்குடும்பத்தை அமைத்தார்கள். ஓர் இனத்துக்கு ஒரு துணைக்குடும்பமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் இதுவே சரி என்பது என் எண்ணம். தனிக் குடும்பம் கொடுத்திருந்தால், இவை இரண்டும் உறவு என்ற கண்டுபிடிப்பே பெயரில் காணாமல் போயிருக்கும். உட்பிரிவே இல்லாமல் வைத்திருந்தால் வேறுபாடு மறைந்திருக்கும்.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். எந்தப் பரம்பரை எதிலிருந்து பிரிந்தது என்பது நடந்து முடிந்த நிகழ்வு. நாம் கண்டுபிடிக்கலாம், தவறலாம், திருத்தலாம். ‘இது குடும்பம், இது துணைக்குடும்பம்’ என்பது நாம் போட்டுக்கொண்ட ஏற்பாடு. அதை அளக்க இயற்கையில் எந்த அளவுகோலும் இல்லை. நாளை மூன்றாவது உறவினர் ஒன்று கிடைத்தால் இந்த ஏற்பாடு மாறக்கூடும். அப்படி மாறினால், 2019-இல் கண்ட உறவு பொய்யானது என்று பொருளாகாது.

## யாருக்கு என்ன வேறுபாடு?

காதின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய செய்தி. எபிகோபீடே, செமாட்டுரிடே இரண்டுக்கும் காது கிடையாது. அதே பெருங்குடும்பத்தின் ஜியோமெட்ரிடேவுக்கும் யுரேனிடேவுக்கும் உண்டு. யார் யாருக்குக் கிட்டே என்பது தெளிவானால்தான், காது எத்தனை முறை தோன்றியது, எங்காவது இழந்துபோனதா என்று எண்ண முடியும்.

களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு பயன். குடும்பப் பெயர் என்பது ஒரு முன்கணிப்பு. லிமான்ட்ரினே என்று சொன்னால், குச்சம் குச்சமாக மயிர் கொண்ட, சிலவற்றில் தொட்டால் அரிக்கிற கம்பளிப்பூச்சியை எதிர்பார்ப்போம். ஜியோமெட்ரிடே என்றால், நடுக் கால்கள் குறைந்து, சாண் சாணாக அளப்பது போல வளைந்து நகரும் புழு. எபிகோபீடே என்றால், உடல் முழுவதும் வெள்ளை மெழுகுப் பஞ்சு பூத்த புழு. ஹெராகுலாவின் புழுவைத் தேடிக் காட்டுக்குப் போகிறவர் பழைய பட்டியலை நம்பினால் மயிர்க் குச்சத்தைத் தேடுவார். புதிய பட்டியலைப் பார்த்தவர், வெள்ளைப் பஞ்சு அப்பிய இலையையும் நின்று திருப்பிப் பார்ப்பார்.

அருங்காட்சியகங்களில் இதற்கு வேலை கொஞ்சம்தான். மாதிரி குத்திய ஊசியை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைக்க வேண்டும். ஊசியில் ஏற்கெனவே துண்டுச் சீட்டுகள் அடுக்காகக் கோத்திருக்கும்: பிடித்த இடம், தேதி, முதலில் அடையாளம் கண்டவர், அப்புறம் பார்த்தவர். பழைய சீட்டு எதையும் கழற்றி எறிவதில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, புதிய தீர்மானத்தோடும் ஆண்டோடும் இன்னொரு சீட்டைக் குத்துவார்கள். அதற்கும் கீழே ஊசியில் இடம் இருக்கும்.